மிளகு ஏணியும் இழப்பீட்டுக் கணக்கும்

ஏற்காட்டில் மிளகுப் பறிப்புக்கு ஆள் விடும் முன் ஏணியைப் பாருங்கள். மிளகுக்கொடி ஏறும் சில்வர் ஓக் மரத்தில் சாத்தும் ஒற்றை மூங்கில் ஏணியில் எல்லாரும் படியைத்தான் ஆட்டிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் கெடுவது அடிக்கணு. மண் ஈரம் குடித்து உள்ளே உளுத்திருக்கும். தட்டினால் பொத்தென்று சத்தம், ஓட்டையிலிருந்து மாவு மாதிரி தூள். கம்பி சுற்றி ஒப்பேற்றாதீர்கள், விறகுக்குப் போகட்டும்.

12 அடி உயரத்தில் சாத்தினால், ஏணியின் கால் மரத்திலிருந்து 3 அடி தள்ளி நிற்க வேண்டும். சருகை வாரிவிட்டு மண்ணில் ஊன்றுங்கள். பனியில் நனைந்த சருகு வழுக்கிவிடும். கீழே ஒருவர் பிடித்திருக்க, மேல் நுனியை மரத்தோடு கட்டிய பிறகே பறிப்பு. அலுமினிய ஏணி லேசுதான், ஆனால் மின்கம்பி போகும் பக்கம் வேண்டவே வேண்டாம்.

கிலோ கணக்கில் கூலி பேசினால் ஏணியை நகர்த்தாமல் எட்டிப் பறிப்பார்கள். நாள்கூலியே மேல்.

பாதுகாப்புப் பெல்ட் சில ஆயிரம்தான். மாதக் கூலி 15,000 என்று வைத்தால், 40 வயதுக்காரர் விழுந்து நிரந்தரமாக முழுதும் முடங்கினால் நீங்கள் சட்டப்படி தர வேண்டிய இழப்பீடு அந்தக் கூலியில் 60 சதவீதம், பெருக்கல் 184.17 (அந்த வயதுக்குச் சட்டம் வைத்திருக்கும் எண்): ரூ.16,57,530. ஆஸ்பத்திரிச் செலவு தனி.