எந்தக் கம்பெனி, தம்பி?

சிங்கப்பூரின் கிழக்கே பாசிர் ரிஸ்ஸில் பிறந்து வளர்ந்த எனக்குத் துவாஸ் என்பது ரயில் கதவுக்கு மேலே ஒட்டியிருக்கும் வரைபடத்தின் மறுகோடியாக மட்டுமே இருந்தது. தேசிய சேவையை முடித்த கையோடு, ஓராண்டு முழுநேர ஊழியத்துக்காக எங்கள் கிறிஸ்தவ சபை என்னை மேற்குப் பகுதிக்கு அனுப்பியபோது, கிழக்கு மேற்குத் தடத்தின் முதல் நிலையத்தில் ஏறி, ஒரு மணி நேரத்துக்கும் மேலாக அமர்ந்திருந்து, 33ஆம் நிலையமான துவாஸ் லிங்க்கில் இறங்கினேன். தொழிற்சாலைச் சுவர்களும் கனரக வாகனங்களும் இருந்தன. நடந்து செல்பவர் எவரும் கண்ணில் படவில்லை. இதே ஊரில் 22 ஆண்டுகள் வாழ்ந்தவன் என்று சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருந்தது.

தங்குவதற்குப் பூன் லேயில் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் அறை கிடைத்தது. உடன் இருந்தவர் ஊழியத்தில் பல ஆண்டு அனுபவம் உள்ள அண்ணன் ஒருவர். அவர் முதல் இரவே சொன்ன விதி எளிமையானது: கேட்காதவரிடம் வேதத்தைப் பற்றிப் பேச்செடுக்கக் கூடாது. சமயப் பிரிவினரிடையே பகைமையைத் தூண்டுவோர் மீது தடையுத்தரவு பிறப்பிக்க வகைசெய்யும் சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 1990இல் நிறைவேறியதை நான் பள்ளியிலேயே படித்திருந்தேன். அண்ணனோ சட்டத்தின் பக்கமே போகவில்லை. "நாள் முழுக்க வெயில்ல நின்னவன்கிட்ட போய்ப் பிரசங்கம் பண்ணுனா, அவன் நம்மளப் பத்தி என்னடா நினைப்பான்?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் மாலை, வெளிநாட்டுத் தொழிலாளர் தங்குவிடுதிக்கு அருகிலுள்ள கோப்பிக்கடையில், புதுக்கோட்டைக்காரர் ஒருவரிடம் என்னை அறிமுகப்படுத்திக்கொண்டேன். "ஊழியம் செய்ய வந்திருக்கிறேன், அண்ணே" என்றேன்.

"அப்படியா! எந்தக் கம்பெனி, தம்பி?"

சிங்கப்பூர்ச் செய்தித்தாள்களில் அவர்தான் 'வெளிநாட்டு ஊழியர்' என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சபைக்குள் மட்டுமே புழங்கிய சொல்லை வெளியே எடுத்து வந்து நீட்டியிருக்கிறேன். சாதாரண நிலைத் தேர்வில் தமிழில் சிறப்புத் தேர்ச்சி பெற்றவன் நான் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

அதைவிடப் பெரிய சறுக்கல் மூன்றாம் நாள் நேர்ந்தது. அந்தப் புதுக்கோட்டை அண்ணன் மருத்துவமனையிலிருந்து வந்த ஆங்கிலக் கடிதம் ஒன்றைக் கொடுத்துப் படித்துச் சொல்லச் சொன்னார். ரத்தப் பரிசோதனைக்கு முன்பு வெறும் வயிற்றோடு இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். என் வாயில் வந்ததோ, "பத்து மணி நேரம் உபவாசம் இருக்க வேண்டும், அண்ணே."

அவர் நெற்றியில் திருநீறு இருந்தது. கடிதத்தை மெல்ல என் கையிலிருந்து வாங்கி நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "உங்க சபைக்காக நான் எதுக்குத் தம்பி உபவாசம் இருக்கணும்?" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைச் சுட்டது. பக்கத்து மேசையிலிருந்து எங்கள் அண்ணன் எழுந்து வந்து, "ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் எதுவும் சாப்பிடாம, காலையில வெறும் வயித்தோட போங்க. பச்சைத் தண்ணி குடிக்கலாம்" என்றார். அவ்வளவுதான். கடிதம் மறுபடி சட்டைப்பையிலிருந்து வெளியே வந்தது.

அன்றிரவு தூக்கம் வரவில்லை. 1706இல், டேனியர் வசமிருந்த தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்க் நினைவுக்கு வந்தார். அவருக்கும் அப்போது ஏறக்குறைய என் வயதுதான். டேனியத் தளபதியின் வரவேற்பு இல்லை. ஊர்மொழியில் ஒரு சொல்லும் தெரியாது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித்தான் அவர் தமிழ் கற்றார். அந்தத் தமிழில் அவர் பெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறியதைத்தான் ஞாயிறு பள்ளியில் எங்களுக்குப் பெருமையாகச் சொல்லுவார்கள். மணலைப் பற்றிய பேச்சு ஒரு வரியில் முடிந்துவிடும். எனக்கு இப்போது அந்த மணல்தான் வேண்டியிருந்தது.

அடுத்த நாள் முதல் நான் அதிகம் பேசவில்லை. அவர்கள் ஊருக்குப் பணம் அனுப்பும்போதும், மகளோடு காணொளியில் பேசும்போதும் பயன்படுத்தும் சொற்களைக் கேட்டுக் கைப்பேசியில் குறித்துக்கொண்டேன். 'டார்மெட்ரி' என்பதை அவர்கள் 'டாம்' என்றார்கள். நானும் அப்படியே சொல்லத் தொடங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை புதுக்கோட்டை அண்ணன் கோப்பிக்கடைக்கு வந்தார். கூடவே அறைத்தோழர் ஒருவர், கையில் பிரிக்காத உறை ஒன்று.

"இவனுக்கும் லெட்டர் வந்திருக்கு. தம்பி படிச்சிச் சொல்லும்" என்று அவரிடம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, "மெதுவா, புரியுற மாதிரி" என்றார்.