கிழட்டு எலிகளும் லெப்டினும்: ஓர் ஆய்வை முடித்த அனுபவம்

வயதான எலிகளில் லெப்டின் வேலை செய்கிறதா, தீனியை அளவாகக் கொடுத்து வளர்த்தால் அது மாறுமா என்று பார்க்கும் ஆய்வை ஒருவழியாக முடித்துவிட்டேன். இதில் இறங்கப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

கொழுப்புத் திசு சுரக்கும் ஹார்மோனான லெப்டின், ரத்தம் வழியாக மூளையில் பசியைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதலாமஸுக்குப் போய் 'இருப்பு போதும், சாப்பாட்டைக் குறை' என்று சொல்ல வேண்டும். வயதான எலியிடம் லெப்டினுக்குப் பஞ்சமே இல்லை, இளசுகளைவிடக் கூடுதலாகவே ஓடும், ஆனாலும் மூளைக்கு அது செவிடன் காதில் ஊதிய சங்குதான். 1994இல் இதன் மரபணு கண்டுபிடிக்கப்பட்டதும் உடல் பருமனுக்கு மருந்து வந்துவிட்டது என்று துள்ளினார்கள்; கடைசியில் பிறவியிலேயே லெப்டின் இல்லாத மிகச் சிலருக்குத்தான் ஊசி பெரிதாக உதவியது.

லெப்டினை ரத்தத்தில் செலுத்தினால் அது மூளைக்குள் நுழையவில்லையா, நுழைந்தும் மூளை கண்டுகொள்ளவில்லையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் மண்டையோட்டில் நுண்துளை போட்டு, மூளையின் உள்ளறைக்கே மெல்லிய குழாய் வைத்தோம். குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு பழைய வழி உண்டு: அதன் வழியே தாகத்தைத் தூண்டும் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோனைக் கொஞ்சம் விட்டால், அதுவரை சும்மா மூலையில் கிடந்த எலி சில நிமிடங்களில் எழுந்து போய் மடமடவென்று தண்ணீர் குடிக்கும். குடிக்காத எலியைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

உயிரை வாங்கியது உணவுக் கட்டுப்பாடுதான். ஒவ்வொரு எலிக்கும் தனிக்கூண்டு, தினமும் ஒரே நேரத்தில் எடை போட்ட தீனி, விடுமுறை என்ற பேச்சே கிடையாது. இரண்டு வயதுவரை எலி தாங்க வேண்டுமே, பாதியில் சிலது செத்துப்போகும், சிலதுக்கு மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கட்டி இருக்கும், ஆகவே தேவைக்கு மேலேயே எலிகளோடு தொடங்குங்கள். அப்புறம், பசியில் இருக்கும் எலி கொடுத்ததை எல்லாம் தின்றுவிடும் என்பதால், எவ்வளவு தின்றது என்பதை மட்டும் வைத்து லெப்டினை எடைபோட முடியாது. லெப்டின் செலுத்திய அரை மணி நேரத்தில் ஹைப்போதலாமஸை எடுத்து, லெப்டினின் செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் ஸ்டாட்3 புரதத்தில் பாஸ்பேட் ஏறியிருக்கிறதா (ஏறியிருந்தால் செய்தி எட்டியது என்று பொருள்) என்று வெஸ்டர்ன் பிளாட்டில், அதாவது புரதங்களைப் பிரித்து ஒரு சவ்வில் ஒற்றியெடுத்துக் கோடாகக் காட்டும் சோதனையில், பார்த்தோம். சவ்வைப் பால் பவுடரில் ஊறவைக்காதீர்கள். பாலில் உள்ள கேசீனே பாஸ்பேட் தாங்கிய புரதம், பின்னணி முழுக்கக் கறுத்துவிடும்.

வயிறாரத் தின்று வயதான எலிகளில் கோடு மங்கலாக இருந்தது, மாதக்கணக்கில் அளவாகத் தின்று வயதானவற்றில் இளம் எலிகளுக்குப் பக்கத்தில் வந்தது. ஆனால் ஒரு வேளைப் பட்டினிகூட லெப்டின் அளவைச் சட்டென்று இறக்கிவிடும் என்பதால், இது அன்றைய பசியின் வேலையாக இருக்கலாமே என்ற சந்தேகம் நியாயமானது. அதற்காகவே அளவாகத் தின்ற எலிகளில் ஒரு குழுவுக்குச் சோதனைக்கு முன் சில நாள் வேண்டுமளவு தீனி வைத்தோம். இந்தக் குழு இல்லாமல் யாராவது முடிவு காட்டினால் நான் நம்ப மாட்டேன். (வீட்டுப் பெரியவர்களைப் பட்டினி போட இதை ஆதாரமாகக் காட்ட வேண்டாம், அந்த வயதில் கொழுப்போடு தசையும் கரையும்.)

குற்றவாளி வயதா, வயதோடு சேரும் கொழுப்பா என்பதில் எனக்கும் வழிகாட்டிக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. நான் கொழுப்பு கட்சி. அடுத்து இளம் எலிகளைக் கொழுக்கவைத்து, கிழட்டு எலிகளின் கொழுப்பளவுக்குக் கொண்டுவந்து ஒப்பிடப் போகிறோம்.