ரத்தம் துளிர்க்கும்வரை சுரண்ட வேண்டும்

முடி கொட்டும் நாயைக் கூட்டி வருபவர்கள் பலர் கையில் ‘தோல் சுரண்டல்: பூச்சி இல்லை’ என்ற ரிப்போர்ட்டும் இருக்கும்; தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் சோதனை அது. அதை அப்படியே நம்பக் கூடாது. முடி கொட்ட வைக்கும் டெமோடெக்ஸ், மயிர்க்காலுக்குள் இறங்கி வாழும் நுண்ணிய பூச்சி. மேலாக வழித்தால் பொடுகுதான் வரும்.

முடியைக் கத்தரித்துவிட்டு, தோலிலும் 10ஆம் நம்பர் சர்ஜிக்கல் பிளேடிலும் ஒரு சொட்டு லிக்விட் பாரஃபின் எண்ணெய் விடுங்கள். பிளேடின் கூரைக் கொஞ்சம் மழுக்கிக்கொள்வது நல்லது. தோலை இரு விரல்களுக்கு நடுவே மடித்து அழுத்திப் பிதுக்க வேண்டும். அவசரத்தில் பலரும் விட்டுவிடுவது இதைத்தான். பூச்சி மேலே வருவதே இதனால்தான். பிறகு முடி சாயும் திசையில், ஒன்றிரண்டு சதுர செ.மீ. இடத்தை ரத்தம் லேசாகத் துளிர்க்கும்வரை சுரண்டுங்கள். வழிந்தோடவிட்டால் ஸ்லைடு முழுக்கச் சிவப்பணுதான் தெரியும். இப்படி மூன்று இடங்களிலாவது எடுக்க வேண்டும்.

மைக்ராஸ்கோப்பில் ஸ்லைடுக்குக் கீழே ஒளியைக் குவிக்கும் கண்டென்சரை இறக்கி, வெளிச்சத்தைக் குறைத்தால்தான் பூச்சியின் கண்ணாடி போன்ற உடம்பு கண்ணில் படும். சுருட்டு போன்ற உடல், முன்பாதியில் எட்டுக் குட்டைக் கால்கள். முட்டையிலிருந்து வந்த லார்வாவுக்கு ஆறுதான். முட்டை இருமுனையும் கூம்பியிருக்கும்.

கண்ணோரம், விரலிடுக்கு என்றால் பிளேடு வேண்டாம். 50 முதல் 100 முடிகளை வேரோடு பிடுங்கி எண்ணெயில் வைத்துப் பார்க்கலாம். ஷார்-பே இன நாய் போன்ற தடித்த தோலில் சில நேரம் இரண்டுமே கைவிடும்; அப்போது தோலைத் துளி வெட்டியெடுத்துப் பார்க்கும் பயாப்ஸிதான் வழி.

குட்டிகளுக்கு ஓரிரு இடத்தில் வரும் சொட்டை பெரும்பாலும் தானே ஆறிவிடும். வயதான நாய்க்குப் புதிதாக வந்தால் தைராய்டு குறைபாடு, குஷிங் நோய் (உடலில் கார்டிசால் மிகுவது), ஏற்கனவே போட்ட ஸ்டீராய்டு ஊசி என்று காரணத்தைத் தேட வேண்டும். அரிப்புக்கென்று மறுபடியும் ஸ்டீராய்டு போடுவதைப் போன்ற கெடுதல் வேறில்லை. கோலி இன நாய்களுக்கு ஐவர்மெக்டின் என்ற பூச்சி மருந்தைத் தொடவே வேண்டாம். எம்டிஆர்1 மரபணுக் கோளாறு இருந்தால் மருந்து மூளைக்குள் போய்விடும்.

முடி முளைத்ததும் மருந்தை நிறுத்துவார்கள்; பூச்சி திரும்பிவிடும். மாதாமாதம் அதே இடங்களில் சுரண்டி, உயிருள்ளது, செத்தது, முட்டை என்று எண்ணி எழுதுங்கள். அடுத்தடுத்து இரண்டு மாதம் ஒன்றுமே இல்லாதபோதுதான் நிறுத்தலாம்.

சார்கோப்டிஸ் என்ற, தோலின் மேலடுக்கில் வாழும் வேறொரு பூச்சியால் வரும் சொறிக்குக் கணக்கே வேறு. காது விளிம்பிலும் முழங்கையிலும் மேலாக, அகலமாகச் சுரண்ட வேண்டும். கிடைக்காவிட்டாலும் சந்தேகம் வலுவாக இருந்தால் மருந்து கொடுத்தே பார்ப்பது வழக்கம்.

மனித முகத்திலும் இமையிலும் இருக்கும் டெமோடெக்ஸ் தனி இனம், நாயிடமிருந்து ஒட்டியதல்ல. நாயைத் தூக்கும் கையிலும் வயிற்றிலும் உரிமையாளருக்கு அரிப்பு என்றால் சார்கோப்டிஸைச் சந்தேகியுங்கள். நாய்க்குச் சரியான மருந்து கொடுத்தால் அவருடைய அரிப்பும் பெரும்பாலும் அடங்கிவிடும்.