பாயை விரித்துக் குழந்தையை விடுங்கள்

கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் மாதத்துக்கு மாதம் மாறும். மூன்றாம் மாதத்தில் தலை நின்றுவிட்டதா என்பார்கள். ஐந்தாம் மாதத்தில் குப்புற விழுகிறாளா என்பார்கள். பத்து மாதம் ஆகிவிட்டால், அடுத்த வீட்டுப் பிள்ளை இந்நேரம் பிடித்து நின்றுவிட்டானே என்ற ஒப்பீடும் சேர்ந்துகொள்ளும். அக்கறையோடு கேட்பவைதான் என்றாலும், இரவெல்லாம் விழித்துப் பால் கொடுக்கும் தாயின் மனத்தில் அவை பயமாகத் தங்கிவிடுகின்றன. என் மகளுக்கு அண்மையில் ஒரு வயது நிறைந்தது. இந்த ஓராண்டில் பார்த்தும் படித்தும் எனக்குத் தெளிவான ஒன்றைப் புதிதாகத் தாயானவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்: எந்த மாதத்தில் குழந்தை என்ன செய்தது என்று கணக்குப் பார்ப்பதைக் காட்டிலும், ஒரு நாளில் எவ்வளவு நேரம் அதைத் தரையில் விட்டோம் என்று பார்ப்பதே பயன் தரும்.

மாதக் கணக்கு எவ்வளவு நெகிழ்வானது என்பதை உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட ஆய்வு காட்டுகிறது. கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் நல்ல உடல்நலத்தோடு வளர்ந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து எழுதிய ஆய்வு அது. பிடிமானமின்றி உட்காருவது 3.8 மாதத்திலிருந்து 9.2 மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் நிகழலாம். தனியாக நடப்பது 8.2 மாதத்திலிருந்து 17.6 மாதத்துக்குள் நிகழலாம். ஒன்பது மாத இடைவெளி! அதுவும் நூற்றுக்கு நான்கு குழந்தைகள் முட்டிபோட்டுத் தவழாமலேயே எழுந்து நடந்திருக்கின்றன. ஆகவே எட்டாம் மாதத்தில் தவழாத பிள்ளையை எண்ணிக் கலங்குவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரம்வரைதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். மடியில் படுத்திருக்கும்போது தாயின் முகம் இருக்கும் தூரம் அதுவே. எனவே முதல் வாரங்களில் மடியும் தோளும் போதும். அதன்பின், விழித்திருக்கும் நேரங்களில், நாம் பக்கத்திலேயே இருந்துகொண்டு, சிறிது சிறிதாகக் குப்புறப் படுக்க வைத்துப் பழக்க வேண்டும். தூங்க வைக்கும்போது மட்டும் எப்போதும் மல்லாந்தே படுக்க வைக்க வேண்டும். குப்புறத் தூங்கும் பச்சிளங்குழந்தைகளுக்குத் திடீர் மரணத்தின் ஆபத்து கூடுதல் என்பதில் மருத்துவ உலகில் இரண்டாவது கருத்து இல்லை.

குப்புறப் படுத்த குழந்தை முதலில் அழும். தலையைத் தூக்கி, நடுங்கி, மறுபடியும் பாயில் கன்னத்தைச் சாய்த்துவிடும். அதைப் பார்த்ததும் தூக்கிவிடத் தோன்றும். எங்கள் வீட்டிலும் அம்மா அப்படித்தான் ஓடிவருவார். ஆனால் அந்த நடுக்கத்தில்தான் கழுத்தும் தோளும் முதுகும் வலுப்பெறுகின்றன. எதிரில் நாமும் படுத்துக்கொண்டு பேசினால் குழந்தை இன்னும் சற்று நேரம் தாக்குப்பிடிக்கும். கழுத்து நின்றபின் முழங்கையை ஊன்றும். முழங்கை உறுதிப்பட்டபின் உள்ளங்கையை ஊன்றி நெஞ்சைத் தூக்கும். ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடுவதைச் செங்கீரை என்று பெயரிட்டு ஐந்தாம் மாதத்துக்கு வைத்த நம் பிள்ளைத்தமிழ் மரபு, தரையில் கிடக்கும் குழந்தையை எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது. கைதட்டும் சப்பாணிக்கு அம்மரபு வைத்த ஒன்பதாம் மாதமும் இன்றைய குழந்தை மருத்துவர்கள் சொல்வதோடு ஒத்துப்போகிறது.

சேலைத் தொட்டிலை நான் குறை சொல்லமாட்டேன். அதன் ஆட்டத்தில் அடங்காத அழுகையும் அடங்கும். ஆனால் விழித்த குழந்தையை வேலை முடியட்டும் என்று தொட்டிலிலேயே விட்டுவைத்தால், அது கையை ஊன்றவோ புரளவோ வழியில்லை. குப்புற விழத் தெரிந்துகொண்ட பிள்ளைக்கு அது ஆபத்தானதும்கூட.

தொட்டிலைவிட எனக்குக் கவலை தருவது வாக்கர். ஆறாம் மாதத்தில் உறவினர் எவராவது அதை அன்பளிப்பாகக் கொண்டுவந்துவிடுகிறார்கள். குழந்தை அதன் நடுவிலுள்ள துணியில் தொங்கியபடி, நுனிக்காலால் தரையை உந்திக்கொண்டு போகும். பார்ப்பதற்கு நடப்பது போலத் தோன்றும். உண்மையில் இடுப்பும் முதுகும் சமநிலையைக் கற்கவேண்டிய நேரம் அதில் வீணாகிறது. படிக்கட்டில் உருண்டு விழும் விபத்துகளால் கனடா 2004ஆம் ஆண்டிலேயே வாக்கர் விற்பனையைத் தடைசெய்துவிட்டது. நம் மரத்து நடைவண்டி அப்படிப்பட்டதன்று. எழுந்து நிற்கத் தெரிந்த பிள்ளை, தன் எடையைத் தன் காலிலேயே தாங்கிக்கொண்டு அதைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. ஆள் பக்கத்தில் இருந்தால் அதைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

காலைப் பற்றி எல்லாரும் கேட்கிறார்கள். கையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எனக்கோ இந்த ஆண்டின் பெரிய அதிசயம் என் மகளின் கைகள்தாம். ஆறாம் மாதத்தில் பாயில் விழுந்த இட்லித் துணுக்கை எடுக்க வேண்டுமானால், ஐந்து விரல்களையும் விரித்து, உள்ளங்கையால் பாயோடு சேர்த்து வாரி இழுப்பாள். துணுக்கு நசுங்கிக் கோரையின் இடுக்கில் ஒட்டிக்கொள்ளும். பிறகு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் இடையே இடுக்கி எடுக்கத் தொடங்கினாள். பத்தாம் மாதத்தில் இரண்டு விரல்களின் நுனி மட்டும் சேர்ந்தது. ஒரேயொரு சோற்றுப் பருக்கையைக் கொத்தியெடுத்து, கண்ணெதிரே திருப்பிப் பார்த்துவிட்டு வாயில் வைத்தாள். எறும்பும் தலைமுடியும் அதே விரல்களில் சிக்கும் என்பதால், அந்த மாதம் முதல் நாளுக்குப் பலமுறை வீட்டைப் பெருக்க வேண்டியிருந்தது.

உணவும் தரையோடு சேர்ந்தே வந்தது. ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். அதற்குள், பிறக்கும்போது உடலில் சேர்ந்திருந்த இரும்புச்சத்து குறைந்துவிடுவதால், ஏழாம் மாதத் தொடக்கத்திலிருந்து பருப்பும் முட்டையும் கீரையும் படிப்படியாகச் சேர வேண்டும். கேழ்வரகை ஊறவைத்து அரைத்து, வெள்ளைத் துணியில் பிழிந்தெடுத்த பாலில் காய்ச்சிய கூழ் நல்லதே; ஆனால் நாள் முழுவதும் கூழாகவே கொடுப்பது நல்லதன்று. உட்காரத் தெரிந்தபின் நாங்கள் சாப்பிடும் நேரத்தில் அவளையும் பாயில் உட்காரவைத்து, குழைந்த சோறு, வேகவைத்த கேரட், பூவன் பழம் என்று தட்டில் வைத்தோம். சிந்தியது பாதி, தின்றது பாதி. வேர்க்கடலை, முழுத் திராட்சை போன்று மூச்சுக்குழலை அடைக்கக்கூடியவற்றை அண்டவிடக் கூடாது; ஒரு வயதுக்கு முன் தேனை நாக்கில் தடவுவதும் வேண்டவே வேண்டாம்.

எட்டு, ஒன்பது மாதங்களில் புது முகத்தைக் கண்டால் குழந்தை வீரிடும். வந்தவர்கள் இதற்காக வருத்தப்பட வேண்டியதில்லை. தெரிந்த முகம் எது, தெரியாத முகம் எது என்று அதற்குப் புரியத் தொடங்கியதன் அடையாளமே இந்த அழுகை. தவழும் குழந்தை கதவுவரை போய்த் திரும்பி நம் முகத்தைப் பார்க்கும். நாம் சிரித்தால் மேலே போகும், புருவம் நெரித்தால் நின்றுவிடும். இடுப்பிலேயே வைத்துச் சுமந்தால் இந்தப் பேச்சுவார்த்தைக்கு இடமேது?

இவ்வளவும் சொன்னபின், காத்திருக்கக் கூடாத இடங்களையும் சொல்ல வேண்டும். மூன்று மாதமாகியும் முகம் பார்த்துச் சிரிக்காவிட்டால், நான்கு மாதம் முடிந்தும் கழுத்து நிற்காவிட்டால், ஒன்பது மாதம் கடந்தும் உட்காராவிட்டால், சத்தம் கேட்டுத் திரும்பாவிட்டால், ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்தினால், செய்துகொண்டிருந்ததைச் செய்யாமல் நிறுத்திவிட்டால் உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு மட்டும், பிறந்த நாளிலிருந்து எண்ணாமல், மருத்துவர் முதலில் குறித்துக் கொடுத்த பிரசவ நாளிலிருந்து மாதங்களை எண்ண வேண்டும். அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையங்களில் இதற்கான பரிசோதனையும் பயிற்சியும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. தடுப்பூசிக்குப் போகும்போது கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டால் போதும், எந்த மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று அவரே சொல்லி அனுப்பிவைப்பார்.