அந்தக் கடைசி வரியில் எத்தனை நாள் என்று எழுதுவது?

அமெரிக்காவில் டாலஸுக்கு வடக்கே இருக்கிற புறநகர்களில், வீடுகளுக்கு மதிப்புப் போடும் பயிற்சி அப்ரைசராக அலைந்துகொண்டிருந்தேன். வீட்டை அளப்பது, ஒப்பிடத் தோதான விற்பனைகளைத் தேடுவது, விலைக்குக் கூட்டிக் கழிப்பது எல்லாம் சில மாதங்களில் பிடிபட்டுவிட்டன. அறிக்கையின் இணைப்புத் தாளில் வரும் ஒரே ஒரு வரிதான் என்னைப் பாடாய்ப் படுத்தியது. 'நியாயமான எக்ஸ்போஷர் டைம் இத்தனை நாட்கள்' என்ற வரி.

2023 பிப்ரவரியில் ஒரு வீடு. ரகசியக் காப்பு விதி இருப்பதால் விலைகளையும் நாட்களையும் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். நான்கு படுக்கையறை, நீச்சல் குளம், மூன்று கார் நிற்கிற கராஜ். உரிமையாளர் வீட்டின் பேரில் கடன் கேட்டிருந்தார், அவ்வளவுதான். யாரும் அதை விற்கப்போவதில்லை. ஆனால் சந்தை மதிப்பு என்று ஒரு தொகையைச் சொன்னால், அந்தத் தேதியில் அந்த விலைக்கு அது விற்றுப்போனதாகக் கற்பனை செய்துகொள்கிறோம் என்று அர்த்தம். அப்படி விற்றிருந்தால் அதற்கு முன்னால் எத்தனை நாள் சந்தையில் காத்துக் கிடந்திருக்கும்? அதுதான் எக்ஸ்போஷர் டைம். அமெரிக்க அப்ரைசர்களின் விதிப்புத்தகமான யூஸ்பாப், இதை நடந்து முடிந்ததைத் திரும்பிப் பார்த்துச் சொல்ல வேண்டிய கருத்து என்கிறது. இன்று விளம்பரம் கொடுத்தால் இனிமேல் எத்தனை நாள் ஆகும் என்பது மார்க்கெட்டிங் டைம், அது வேறு கணக்கு.

குழப்பத்துக்குப் படிவமும் ஒரு காரணம். நாங்கள் நிரப்பிய 1004 படிவத்தில் மார்க்கெட்டிங் டைமுக்கு மூன்று கட்டங்கள் உண்டு: மூன்று மாதத்துக்குள், மூன்றிலிருந்து ஆறு, ஆறுக்கு மேல். எக்ஸ்போஷர் டைமுக்குக் கட்டமே கிடையாது, நாமாக எழுத வேண்டும். நான் முதல் கட்டத்தை டிக் செய்துவிட்டு, கீழே '90 நாட்களுக்குள்' என்று எழுதி அனுப்பினேன்.

மேற்பார்வையாளர் ஒரே கேள்வி கேட்டார். "இந்தத் தொண்ணூறு எங்கிருந்து வந்தது?"

உண்மையைச் சொன்னால், போன அறிக்கையிலிருந்து வந்தது. அதற்கு முந்தைய அறிக்கையிலும் அதுதான் இருந்தது.

சரி என்று எம்எல்எஸ்ஸில் உட்கார்ந்தேன். டெக்ஸாஸில் விற்ற விலையை அரசிடம் தெரிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை, அதனால் கவுன்டி பதிவேட்டைப் புரட்டிப் பயனில்லை. ஏஜென்டுகளின் பட்டியலான எம்எல்எஸ்தான் கதி. ஓராண்டில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் விற்ற அதே ரக வீடுகளை எடுத்து, எத்தனை நாள் பட்டியலில் இருந்தன என்று இடைநிலை எண் பார்த்தேன். 19 நாள். அதையே எழுதி அனுப்பினேன். திரும்பி வந்தது.

ஏன் என்று அட்டவணையை மாத வாரியாகப் பிரித்தபோதுதான் புரிந்தது. 2022 வசந்த காலத்து வீடுகள் மூன்று, நான்கு நாளில் போயிருந்தன, கேட்ட விலைக்கு மேலே கொடுத்து வாங்கியிருந்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் 30 வருடக் கடனுக்கான வட்டி 7 சதவீதத்தைத் தாண்டியது. 2021 தொடக்கத்தில் அது 3 சதவீதத்துக்கும் கீழே இருந்தது. வட்டி ஏற ஏற வீடுகள் தேங்கின. நான் எடுத்த 19 இந்த இரண்டு சந்தைகளுக்கும் நடுவே நிற்கிற எண். இரண்டிலும் எந்த வீடும் 19 நாளில் விற்கவில்லை! முந்தைய பாதியைத் தூக்கி ஓரமாக வைத்தேன்.

மிச்சம் இருந்ததில் ஒரு வீடு நான் மதிப்பிட்ட வீட்டுக்குக் கிட்டத்தட்ட இரட்டைப் பிறவி. எம்எல்எஸ் அதற்கு 12 நாள் என்றது. வரலாற்றைத் திறந்தால் கதை வேறு. மே கடைசியில் 8,25,000 டாலருக்கு வந்திருக்கிறது. ஆகஸ்டில் 7,90,000. செப்டம்பர் கடைசியில் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். அக்டோபரில் வேறு ஏஜென்ட், புதுப் பட்டியல் எண், 7,55,000. பன்னிரண்டாவது நாள் ஒப்பந்தம். மொத்த நாட்கள் என்ற தனிப் பெட்டியில் 131 என்று இருந்தது.

12ஆ, 131ஆ? ஒரு மாலை முழுக்க இதிலேயே போனது. விற்ற ஏஜென்டுக்குப் போன் செய்தேன். பக்கத்து வீடு ஏப்ரலில் எட்டு லட்சத்துக்கு மேல் போனதைப் பார்த்துவிட்டு உரிமையாளர்கள் அந்த விலையிலிருந்து இறங்கவே இல்லை என்றார் அந்தம்மா. பழைய 119 நாளும் யாரும் வாங்காத ஒரு விலையில் கழிந்த நாட்கள். என் மதிப்பு 7,50,000 பக்கம் இருக்கும்போது, 8,25,000க்குக் காத்திருந்த காலத்தை அதன் தலையில் கட்ட முடியாது. 12ஐயும் அப்படியே நம்ப முடியவில்லை. விலை இறங்கட்டும் என்று கோடை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான் அந்தப் பன்னிரண்டு நாளில் பாய்ந்திருப்பார்கள். அந்த வீட்டை விலையை ஒப்பிட மட்டும் வைத்துக்கொண்டேன், நாள் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன்.

இன்னொன்றில் 74 நாள். ஒன்பதாம் நாளே ஒப்பந்தம் ஆகியிருந்தது, ஆய்வாளர் வந்து அடித்தளத்தில் விரிசல் என்றதும் வாங்க வந்தவர் விலகிவிட்டார். இந்தப் பக்கத்துக் களிமண் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும், அதனால் அடித்தளப் பிரச்சினை சகஜம். நான் மதிப்பிட்ட வீட்டில் அப்படி எதுவும் கண்ணில் படவில்லை, ஆகவே அதையும் விட்டேன்.

கடைசியில் முதலிலேயே ஒழுங்கான விலை சொல்லி, அதை ஒட்டியே விற்ற வீடுகள் நான்கு மிஞ்சின. 27, 34, 41, 58 நாட்கள். நான்கை வைத்துக்கொண்டு ஒரே எண்ணைச் சொல்ல மனம் வரவில்லை. 30 முதல் 60 நாட்கள் என்று எழுதி, ஏன் என்று ஐந்து வரியில் சொன்னேன்.

அன்று இரவு மதுரைக்குப் பேசும்போது அப்பாவிடம் சொன்னேன். "ஒரு வீடு விக்க எத்தனை நாள் ஆகும்னு எழுதறதுக்கு இவ்வளவு பாடாம்மா?" என்று சிரித்தார். அவர் சிரித்ததிலும் நியாயம் இருக்கிறது. நம் ஊரில் புரோக்கர் காதில் போட்டு வைக்கிறோம், ஆடி போகட்டும், மார்கழி போகட்டும் என்கிறோம். வீடு என்றைக்குச் சந்தைக்கு வந்தது என்று எழுதி வைத்தவர் யார்?

மறுநாள் அறிக்கை திரும்பி வந்தது. எண்களில் மேற்பார்வையாளர் கை வைக்கவில்லை. '30 முதல் 60 நாட்கள் ஆகும்' என்ற பொருளில் நான் எழுதியிருந்ததை மட்டும் அடித்து, 'ஆகியிருக்கும்' என்று மாற்றிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.