லெசோத்தோ: தண்ணீரை விற்கும் நாடும் மாட்டை ஒப்படைக்கும் ஊரும்

நாற்புறமும் தென்னாப்பிரிக்காவால் சூழப்பட்ட லெசோத்தோவைப் பற்றி எழுதுவோர் அதன் வறுமையில் தொடங்கி வறுமையிலேயே முடித்துவிடுவது எனக்கு நெடுநாள் வருத்தம். ஏறத்தாழ 30,000 சதுர கிலோமீட்டர் பரப்பும் இருபது லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்களும் கொண்ட அந்த மலைநாட்டில், பெரிய வருமானங்கள் யாவும் வேறொருவர் முடிவைச் சார்ந்திருக்கின்றன. ஊருக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கலோ மக்கள் தாமே வகுத்துக்கொண்ட முறைகளின்படி நடக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்நாடு புரியும்.

அதன் நாணயமான லோட்டி 1980இல் புழக்கத்துக்கு வந்தது. தென்னாப்பிரிக்க ராண்டுக்குச் சமமான மதிப்பில் அது நிலைநிறுத்தப்பட்டிருக்கிறது. கடைகளில் இரண்டுமே செல்லும். அரசின் வருவாயில் பெரும்பங்கு, 1910இல் உருவான, ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளின் சுங்க ஒன்றியத்தின் பங்கீட்டிலிருந்து வருகிறது. 1986இல் கையெழுத்தான ஒப்பந்தத்தின்படி, 185 மீட்டர் உயரமுள்ள காட்சே அணையில் தேங்கும் மலைநீர் சுரங்கக் குழாய்கள் வழியே தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரைச் சூழ்ந்த தொழிற்பகுதிக்குப் போகிறது. அதற்கான உரிமத்தொகை தலைநகர் மசேருவில் உள்ள லெசோத்தோ அரசுக்கு வருகிறது.

தண்ணீருக்கு முன்னால் ஆட்கள் போனார்கள். 1980களின் இறுதியில் பசோத்தோ எனப்படும் லெசோத்தோ மக்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் உழைத்தார்கள். அவர்கள் ஊதியத்தின் ஒரு பகுதி சட்டப்படி சொந்த நாட்டு வங்கிக்கே அனுப்பப்பட்டு, ஊர் திரும்பிய பின்னர்தான் கைக்குக் கிடைத்தது. தங்கச் சுரங்கங்கள் ஆட்களைக் குறைத்தபோது அந்த வரவு வற்றியது. பின்னர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் பெருகின. 2000இல் அமெரிக்கா தந்த வரிச்சலுகையை நம்பி வளர்ந்த அவற்றில் பெரும்பாலும் பெண்களே வேலை செய்கிறார்கள். 2025 ஏப்ரலில் அமெரிக்கா லெசோத்தோவுக்கு 50 விழுக்காடு இறக்குமதி வரி அறிவித்தது. பின்னர் அது 15 விழுக்காடாகக் குறைக்கப்பட்டாலும், ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பிழைப்பு ஒரே அறிவிப்பில் ஆட்டங்கண்டதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

ஊருக்குள் வழங்கும் முறைகளில் என்னை மிகவும் ஈர்த்தது மாஃபிசா. மாடு மிகுதியாக உள்ளவர் சிலவற்றை மாடில்லாத குடும்பத்திடம் ஒப்படைக்கிறார். பாலும் உழவுக்கான பயனும் வளர்ப்பவருக்கு, உரிமை மட்டும் கொடுத்தவருக்கு. நாட்டை நிறுவிய அரசர் முதலாம் மோஷ்வேஷ்வே, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போரால் சிதறி வந்தவர்களுக்கு இம்முறையில் மாடுகளை அளித்தே அவர்களைத் தம் மக்களாக்கிக்கொண்டார். மாட்டின் வழியே கடனும் அடைக்கலமும் ஆட்சிப்பற்றும் ஒன்றாகக் கைமாறின என்பதால், இதை வெறும் வாடகை முறையாகக் கருத என்னால் இயலவில்லை. எனினும் கொடுத்தவருக்குப் பெற்றவர் கட்டுப்பட்டே இருந்தார் என்பதையும் மறைக்கக் கூடாது.

விலை பேசுவதற்கு முன் நலம் விசாரிப்பது அங்கே பழக்கம். 'லுமேலா' என்று எழுதி 'டுமேலா' என்று ஒலிக்கும் வணக்கத்துடன், ஆணை 'ந்தாதே' என்றும் பெண்ணை 'ம்மே' என்றும், அதாவது தந்தை, தாய் என்றே அழைக்கிறார்கள். வணக்கம் சொல்லாமல் நேரே காரியத்துக்கு வருவது மரியாதைக் குறைவு.

சாவுச் செலவுக்கு 'ம்பாதே ஷெலெங்' சங்கங்கள் இருக்கின்றன. 'ஷில்லிங்கே, என்னைப் புதை' என்பது அப்பெயரின் பொருள். உறுப்பினர்கள் மாதந்தோறும் சிறு தொகை செலுத்துகிறார்கள். ஒரு வீட்டில் இழவு விழுந்தால் சவப்பெட்டிக்கும், வருவோர் அனைவருக்கும் சமைக்க வேண்டிய உணவுக்கும் சங்கப் பணம் உதவுகிறது. இவற்றில் பெண்கள் முன்னின்று பங்கேற்று வந்திருக்கிறார்கள். ஆனால் மணமான பெண்ணைச் சட்டம் 2006 வரை கணவனின் பொறுப்பிலுள்ள சிறாராகவே நடத்தியது. அவன் சம்மதமின்றி அவளால் வங்கியில் கடன் பெற முடியவில்லை.