நேர்க்கோடு இல்லாத கோயில்

ஏதென்ஸ் நகருக்கு நான் போனதே பண்டைய கிரேக்கரின் பார்த்தினான் கோயிலின் அடிமேடையைப் பார்ப்பதற்காகத்தான். அதன் தூண்களைப் படங்களில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆனால் அவை நிற்கும் மேடை சமதளம் அல்ல, நடுவில் மேலெழும்பிய மெல்லிய வளைவு என்று படித்த நாள்முதல், அதை நேரில் காண வேண்டும் என்ற ஆவல் தணியவே இல்லை.

காலை எட்டு மணிக்கு வாயில் திறந்ததும் அக்ரோபோலிஸ் குன்றில் ஏறினேன். எண்ணற்ற கால்கள் தேய்த்துத் தேய்த்துச் சலவைக்கல் கண்ணாடிபோல வழுக்குகிறது. நல்ல பிடிப்புள்ள காலணி வேண்டும். புரோபிலையா என்னும் நுழைவு மண்டபத்தைக் கடந்ததும், கோயில் நேரெதிரே நிற்காமல் சற்று வலப்புறமாக, முகப்பையும் பக்கவாட்டையும் ஒருசேரக் காட்டியபடி நிற்கிறது.

ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளீஸின் காலத்தில், கி.மு. 447இல் தொடங்கிய திருப்பணி இது. சிற்ப வேலைகள் கி.மு. 432இல் நிறைவடைந்தன. இக்டினோஸும் கல்லிக்ராதெஸும் கட்டடக் கலைஞர்கள். சிற்பப் பணியை மேற்பார்த்தவர் ஃபெய்டியாஸ். முகப்பில் 8, பக்கவாட்டில் 17 என அமைந்த தூண்கள் ஒவ்வொன்றும் 10 மீட்டருக்கு மேல் உயரம்.

நான் தேடி வந்தது வடக்குப் பக்கத்து மூலையில் கிடைத்தது. கயிற்றுத் தடுப்புக்கு வெளியே குனிந்து, மேல்படியின் விளிம்பை ஒட்டிப் பார்வையைச் செலுத்தினேன். ஏறத்தாழ 70 மீட்டர் நீளமுள்ள அந்த விளிம்பு மெதுவாக ஏறி, நடுவில் சுமார் 11 சென்டிமீட்டர் உயர்ந்து, மறுபுறம் இறங்கியது. எவ்வளவு நேரம் குனிந்திருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

மேடையைச் சமதளமாக அமைத்தால் நடுவில் குழிந்ததுபோலத் தோன்றும் என்பது பிற்கால ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் தந்த விளக்கம். மழைநீர் வடிவதற்கும் அது உதவியிருக்கும். ஆனால் வளைவு மேடையோடு நின்றுவிடவில்லை. தூண்களுக்கு மேலுள்ள உத்தரம் வரை தொடர்கிறது. தூண்களின் உடல் இலேசாகப் புடைத்திருக்கிறது; அனைத்தும் உட்புறமாகச் சாய்ந்திருக்கின்றன; மூலைத் தூண்கள் மற்றவற்றைவிடச் சற்றுப் பருமனானவை. இதனால் கல்லுக்குக் கல் அளவு மாறுகிறது. ஒன்றின் இடத்தில் இன்னொன்று பொருந்தாது. 1975 முதல் நடந்துவரும் சீரமைப்புப் பணியில், சிதறிய கற்களுக்கு உரிய இடத்தைக் கண்டறிவது பெரும் உழைப்பாக இருப்பதும் இதனால்தான்.

கண்ணுக்கு அழகாகத் தோன்றுவதற்காக உண்மையான அளவைக் கைவிடும் கலைஞர்களைப் பற்றி, அடுத்த நூற்றாண்டில் இதே நகரில் எழுதிய பிளேட்டோ ஐயத்துடன் பேசியிருக்கிறார். அவர்மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. எனினும் இந்த வளைவின் முன் அவருடைய ஐயத்தை என்னால் ஏற்க முடியவில்லை. பார்ப்பவரின் கண்ணையும் கணக்கில் சேர்த்துக்கொண்ட அளவு இது.

1687இல், அப்போது ஏதென்ஸை ஆண்ட ஒட்டோமானியர் கோயிலுக்குள் சேமித்திருந்த வெடிமருந்தின்மீது வெனிஸ் படையின் குண்டு விழுந்து நடுப்பகுதி சிதறியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டன் தூதர் எல்ஜின் பிரபுவின் ஆட்கள் எஞ்சியிருந்த சிற்பங்களில் ஏறத்தாழப் பாதியைப் பெயர்த்து எடுத்துச் சென்றனர்.

பிற்பகலில், குன்றின் அடிவாரத்தில் 2009இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்துக்குச் சென்றேன். அதன் மேல்தளத்தில், 160 மீட்டர் நீளமுள்ள ஊர்வலச் சிற்பப் பட்டையைக் கோயிலில் இருந்த வரிசையிலேயே அமைத்திருக்கிறார்கள். மூலக் கற்கள் தேன் நிறம். லண்டனில் இருப்பவற்றுக்குப் பதிலாக வைத்த நகல்கள் வெளிறிய வெள்ளை. ஒரே ஊர்வலம் இப்படி நிறம் மாறி மாறிச் செல்வதைப் பார்க்கையில், அவை திரும்பி வந்தே ஆக வேண்டும் என்று மனம் உறுதியாகச் சொன்னது.

கண்ணாடிச் சுவருக்கு அப்பால், மாலை வெயிலில் பார்த்தினான் நின்றது. காலையில் பார்த்த வளைவை உத்தரத்தில் தேடினேன். ரசமட்டம் வைத்துப் பார்த்ததுபோல அது நேராகவே தெரிந்தது.